காசு கம்மி, வெற்றி ஜாஸ்தி: பேஸ்பால்ல கணக்கு போட்டு டீம் கட்டுறது பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இது என்ன விஷயம், ஏன் இவ்ளோ பேசுறாங்க?

அமெரிக்காவுல மேஜர் லீக் பேஸ்பால்ல 30 டீம் இருக்கு. ஐபிஎல் மாதிரி எல்லாருக்கும் ஒரே பர்ஸ்னு அங்க கிடையாது, எவ்ளோ வேணா செலவு பண்ணலாம். 2003லேர்ந்து ஒரு எல்லைக்கு மேல போனா வரி கட்டணும்னு வெச்சிருக்காங்க, ஆனா பணம் இருக்குற டீம் அந்த வரியையும் கட்டிட்டு போயிட்டே இருக்கும். 2002ல நியூயார்க் யாங்கீஸ் பிளேயர்ஸ் சம்பளத்துக்கு மட்டும் 12 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணாங்க, ஓக்லாண்ட் அத்லெடிக்ஸ் சுமார் 4 கோடி. சீசன் முடிஞ்சு பாத்தா ரெண்டு டீமும் 103 ஜெயிச்சிருக்கு. மூணுல ஒரு பங்கு காசுல அதே ரிசல்ட்! இது எப்படி நடந்துச்சுங்கிறதுதான் மொத்த கதையும். இதைப் பத்தி 2003ல புத்தகம் வந்து 2011ல படமும் வந்ததால "மணிபால்"னு பேர் ஒட்டிக்கிச்சு.

அப்போ புள்ளிவிவரம் தெரிஞ்சா போதுமா?

போதாது, இங்கதான் நிறைய பேர் தப்பா புரிஞ்சுக்குறாங்க. பேஸ்பால்ல நம்பர் எப்பவுமே இருந்துச்சு, நூறு வருஷத்துக்கு மேல ஒவ்வொரு மேட்சும் எழுதி வெச்சிருக்காங்க. ஓக்லாண்ட் செஞ்சது வேற. எந்த திறமை மேட்ச் ஜெயிக்க உதவுதோ, ஆனா மார்க்கெட்ல அதுக்கு விலை கம்மியா இருக்கோ, அதைத் தேடித் தேடி வாங்குனாங்க. சந்தையில கோணல் மாணலா இருக்குற தக்காளிய ஓரமா ஒதுக்கி பாதி விலைக்கு போட்டிருப்பாங்கல்ல, ரசத்துக்கு அது போதும்னு தெரிஞ்சவங்க அதைத்தான் அள்ளிட்டு வருவாங்க, அந்த மாதிரி. எது மலிவா கிடைக்குதுங்கிறது வருஷா வருஷம் மாறும். அதனால "வாக் எடுக்குற பேட்டர வாங்கு"னு (வாக்னா என்னன்னு கீழ வருது) ஒரு ஃபார்முலாவா இதை மனப்பாடம் பண்ணா ஒண்ணும் கிடைக்காது.

இதை யார் ஆரம்பிச்சது? ஓக்லாண்ட் டீம நடத்துன பில்லி பீனா?

அவருக்கு ரொம்ப முன்னாடியே ஆரம்பிச்சாச்சு. கான்சாஸ்ல ஒரு டின் உணவு ஃபேக்டரியில நைட் வாட்ச்மேனா வேலை பாத்த பில் ஜேம்ஸ்ங்கிறவர் 1977ல தன் சொந்த செலவுல கணக்குகள அச்சடிச்சு வித்தார். எல்லாரும் நம்புற விஷயங்கள "இது உண்மையா, நம்பர் என்ன சொல்லுது"னு ஒண்ணொண்ணா கேட்டார், அவ்ளோதான், ஆனா அதை அதுக்கு முன்னாடி இவ்ளோ பிடிவாதமா யாரும் கேட்டதில்ல. டீம்கள்ல பெரும்பாலும் யாரும் கண்டுக்கவே இல்ல. ஓக்லாண்ட்ல மட்டும் சாண்டி ஆல்டர்சன்னு ஒரு ஜெனரல் மேனேஜர் (யார வாங்குறது, யார விடுறதுன்னு முடிவு பண்றவர்), வக்கீலா இருந்து வந்தவர், இந்த மாதிரி எழுத்துக்கள படிச்சு டீமுக்குள்ள கொண்டு வந்தார். அவருக்குக் கீழ வேலை கத்துக்கிட்டவர்தான் பில்லி பீன், 1997 கடைசியில ஜெனரல் மேனேஜர் ஆனார்.

பீன் கதை தனி. 1980ல டிராஃப்ட்ல, அதாவது புது பசங்கள டீம்கள் வரிசையா தேர்ந்தெடுக்குறதுல, நியூயார்க் மெட்ஸ் அவர முதல் ரவுண்டுலயே எடுத்தாங்க. ஆளு உயரம், வேகம், பலம் எல்லாம் பாத்து, ஊர் ஊரா போய் ஆள் தேடுற ஸ்கவுட்டுங்க அப்படியே மயங்கிட்டாங்க. ஸ்டான்ஃபோர்ட் போகாம பேஸ்பாலுக்கு வந்தார், கடைசியில மேஜர் லீக்ல அவரோட பேட்டிங் ஆவரேஜ் வெறும் .219. பாக்க பிளேயர் மாதிரி இருக்குறதுக்கும் பிளேயரா இருக்குறதுக்கும் உள்ள இடைவெளிய தன் வாழ்க்கையிலயே அனுபவிச்சவர்ங்கிறதாலதான் கணக்கு சொன்னத அவரால அவ்ளோ சீக்கிரம் நம்ப முடிஞ்சுதுன்னு நான் நினைக்கிறேன். அவருக்கு பக்கத்துல ஹார்வர்டுல பொருளாதாரம் படிச்ச பால் டிபொடெஸ்டா லேப்டாப்போட இருந்தார்.

ஆன் பேஸ் பெர்சன்டேஜ்னு எல்லாரும் சொல்றாங்களே, அது என்ன பெரிய விஷயமா?

பெரிய விஷயம்தான், கொஞ்சம் பொறுமையா பாப்போம்.

பேஸ்பால்ல பேட்டர் நாலு பேஸையும் சுத்தி வந்தா ஒரு ரன். ஒரு டீமுக்கு 9 இன்னிங்ஸ், இன்னிங்ஸுக்கு 3 அவுட், ஆக மொத்தம் 27 அவுட். நேரக் கணக்கோ பால் கணக்கோ கிடையாது. அவுட் ஆகாத வரைக்கும் நீங்க அடிச்சுக்கிட்டே இருக்கலாம், ஒரே இன்னிங்ஸ்ல 15 ரன் கூட எடுக்கலாம். அப்போ டீமோட உண்மையான சொத்து அந்த 27 அவுட்தான், அதை யார் வீணாக்காம வெச்சிருக்காங்கங்கிறதுதான் முக்கியம்.

பழைய அளவுகோல் பேட்டிங் ஆவரேஜ், அதுல ஹிட்ட, அதாவது பந்த அடிச்சு அவுட் ஆகாம பேஸுக்கு போறத, மட்டும் எண்ணுவாங்க. ஸ்ட்ரைக் ஜோனுக்கு (பேட்டர் அடிக்க வேண்டிய எல்லைக்கு) வெளிய வர்ற நாலு பந்த அடிக்காம விட்டா பேட்டர் சும்மா நடந்து முதல் பேஸுக்கு போவார், அதுதான் வாக். அந்த வாக் பேட்டிங் ஆவரேஜ்ல வரவே வராது. "பந்து எறியுற பிட்சர் தப்பு பண்ணார், பேட்டர் என்ன செஞ்சார்"னு விட்டுடுவாங்க. ஆனா நல்ல பந்து எது கெட்ட பந்து எதுன்னு அரை செகண்டுக்குள்ள பிரிச்சுப் பாக்குறது பெரிய திறமை.

ஒரு கற்பனை கணக்கு. முதல் ஆள் 500 தடவ அடிச்சு 150 ஹிட், .300, ஸ்டார்னு சொல்லுவாங்க, ஆனா வாக் 20தான். ரெண்டாவது ஆள் 500க்கு 130 ஹிட், .260, சுமார்னு சொல்லுவாங்க, ஆனா வாக் 90. மத்த சின்னச் சின்ன விஷயங்கள விட்டுட்டு பேஸுக்கு போன விகிதம், அதாவது ஆன் பேஸ் பெர்சன்டேஜ், மட்டும் பாத்தா முதல் ஆளுக்கு 520ல 170, அதாவது .327. ரெண்டாவது ஆளுக்கு 590ல 220, அதாவது .373. ரெண்டு பேரையும் 600 தடவ இறக்கி விட்டா "சுமார்" ஆளு கிட்டத்தட்ட 27, 28 அவுட் கம்மியா ஆவார். ஒரு முழு மேட்சோட அவுட் அது! ஹிட்ல ரன்னருங்க கூடுதலா நகருவாங்க, அதனால ஒரு ஹிட்டும் ஒரு வாக்கும் சமம் இல்லதான், ஆனா சம்பளத்துல இருந்த வித்தியாசம் அதைவிட பல மடங்கு பெருசா இருந்துச்சு. ஓக்லாண்ட் புகுந்தது அந்த சந்துல.

2002ல உண்மையா என்ன பண்ணாங்க?

2001 முடிஞ்சதும் டீம்ல மூணு பெரிய ஆளுங்க கிளம்பிட்டாங்க. ஜேசன் ஜியாம்பி 7 வருஷத்துக்கு 12 கோடி டாலர்னு யாங்கீஸ்க்கு, ஜானி டேமன் பாஸ்டனுக்கு, மேட்ச கடைசியில முடிச்சுக் குடுக்குற பிட்சர் இஸ்ரிங்ஹவுசன் செயின்ட் லூயிஸுக்கு. ஜியாம்பியோட ஆன் பேஸ் 2001ல .477, அந்த மாதிரி ஒரு ஆள திரும்ப வாங்க ஓக்லாண்ட்கிட்ட காசே இல்ல. அதனால ஒரு ஆளுக்கு பதில் ஒரு ஆள்னு தேடாம, போன ஆன் பேஸ பல பேர்கிட்டேர்ந்து சேத்து எடுக்கப் பாத்தாங்க.

எனக்கு ரொம்ப பிடிச்சவர் ஸ்காட் ஹேட்டபெர்க். பாஸ்டன்ல பேட்டருக்கு பின்னாடி நின்னு பந்து பிடிக்கிற கேட்சரா இருந்தவர், முழங்கை நரம்பு அடிபட்டு பந்த எறியவே முடியாம போச்சு. கேட்சருக்கு எறிய முடியலன்னா வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். ஆனா அவர் பந்து பாத்து ஆடுறதுல கில்லாடி, வாக் நிறைய எடுப்பார். ஓக்லாண்ட் அவர பத்து லட்சம் டாலருக்கும் கம்மியா எடுத்து, வாழ்க்கையில ஆடாத ஃபர்ஸ்ட் பேஸ்ல நிக்க வெச்சாங்க. அந்த வருஷம் ஆன் பேஸ் .374, 15 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி). வயசான டேவிட் ஜஸ்டிஸ வாங்குனாங்க, கால் ஓடலன்னாலும் அவரும் வாக் எடுப்பார். இன்னொருத்தர் சாட் பிராட்ஃபோர்ட்னு ஒரு பிட்சர், கை தரையில உரசுற அளவுக்கு குனிஞ்சு கீழேர்ந்து எறிவார், பாக்க வினோதமா இருக்கும், அதனாலயே சிகாகோ ஒயிட் சாக்ஸ் அவர நம்பல. கீழ்மட்ட மைனர் லீக்லயே பிரமாதமா போட்டிருந்தார், ஆனா எறியுற ஸ்டைல பாத்து ஓரங்கட்டிட்டாங்க, ஓக்லாண்ட் 2000 கடைசியிலயே தூக்கிட்டு வந்துட்டாங்க.

அந்த ஆகஸ்ட் 13லேர்ந்து செப்டம்பர் 4 வரைக்கும் தொடர்ந்து 20 மேட்ச் ஜெயிச்சாங்க, அமெரிக்கன் லீக்ல அப்போ அது சாதனை. 20வது மேட்ச்ல கான்சாஸ் சிட்டிய எதிர்த்து 11-0னு முன்னாடி இருந்துட்டு 11-11னு கோட்டை விட்டாங்க, ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மாற்று பேட்டரா வந்த ஹேட்டபெர்க் ஹோம் ரன் அடிச்சு 12-11. எல்லாரும் வேணாம்னு சொன்ன ஆள் அடிச்ச அடி அது, இன்னைக்கு வீடியோ பாத்தாலும் சிலிர்க்கும்.

படத்துல சொல்லாத விஷயம் ஏதாவது இருக்கா?

இருக்கு, முக்கியமான ஒண்ணு. அந்த டீமோட முதுகெலும்பு பேரி ஸிட்டோ, டிம் ஹட்சன், மார்க் முல்டர்னு மூணு இளம் பிட்சருங்க. ஸிட்டோ அந்த வருஷம் 23 ஜெயிச்சு லீக்ல சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்குனார். ஷார்ட் ஸ்டாப் (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கிறவர்) மிகேல் தெஹாடா லீக்ல மதிப்புமிக்க வீரர். இவங்கள விட்டுட்டு ஹேட்டபெர்க் கதைய மட்டும் சொன்னா அது பாதி கதை.

ஆனா இவங்களும் அதே கணக்குலதான் வர்றாங்க. மேஜர் லீக்ல ஒரு பிளேயர் ஆறு வருஷம் ஆடுன பிறகுதான் ஃப்ரீ ஏஜென்ட் ஆகி விரும்புன டீமுக்கு போக முடியும். முதல் மூணு வருஷம் கிட்டத்தட்ட குறைந்தபட்ச சம்பளம், 2002ல அது 2 லட்சம் டாலர். அடுத்த மூணு வருஷம் நடுவர் முன்னாடி பேசி கொஞ்சம் ஏத்திக்கலாம். ஆக திறமையான இளம் ஆளுங்கள டிராஃப்ட்ல பிடிச்சு வளத்தா, ஆறு வருஷம் அவங்க உழைப்பு மலிவா கிடைக்கும். சின்ன டீம் எல்லாத்துக்கும் சோறு போடுறது இந்த விதிதான், இதை ஒத்துக்காம புள்ளிவிவரத்துக்கு மட்டும் கிரெடிட் குடுக்குறது நியாயம் இல்ல.

இந்த விதியோட இன்னொரு பக்கம் எனக்கு பிடிக்கவே பிடிக்காது. 2015ல சிகாகோ கப்ஸ் கிரிஸ் பிரையன்ட்ங்கிற பையன சீசன் ஆரம்பத்துல மைனர் லீக்லயே வெச்சிருந்துட்டு ஏப்ரல் 17ல மேல கொண்டு வந்தாங்க, அதனால ஒரு முழு வருஷ சர்வீஸுக்கு ஒரே ஒரு நாள் குறைஞ்சு போய் அவர் ஃப்ரீ ஏஜென்ட் ஆகுறது ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. அவர் முறையிட்டும் 2020ல தீர்ப்பு டீமுக்கு சாதகமா வந்துச்சு. பிளேயரோட வயித்துல அடிக்கிற கணக்க கெட்டிக்காரத்தனம்னு என்னால சொல்ல முடியாது.

ரன்னும் வெற்றியும் எப்படி சம்பந்தப்படுது?

பில் ஜேம்ஸ் ஒரு சூத்திரம் குடுத்தார். எடுத்த ரன்னோட வர்க்கத்த, எடுத்த ரன் வர்க்கமும் குடுத்த ரன் வர்க்கமும் கூட்டி வர்றதால வகுங்க, வெற்றி விகிதம் கிடைக்கும். 2002 ஓக்லாண்ட் 800 ரன் எடுத்து 654 குடுத்தாங்க. 6,40,000ஐ 10,67,716ஆல வகுத்தா கிட்டத்தட்ட 0.6, 162 மேட்சுக்கு 97 வெற்றி. அவங்க ஜெயிச்சது 103, அந்த ஆறுல நெருக்கமான மேட்சுகளோட அதிர்ஷ்டமும் கொஞ்சம் இருக்கு. பத்து ரன் கூடுனா ஒரு வெற்றி கூடும்னு தோராயமா வெச்சுக்கலாம். இது தெரிஞ்சதும் ஒரு பிளேயர் எத்தனை ரன் கூட்டுறார் இல்ல தடுக்குறார், அதுக்கு எவ்ளோ கேக்குறார்னு நேரடியா ஒப்பிடலாம், "நல்லா ஆடுவாருப்பா"ங்கிற பேச்சுக்கு இடமே இல்ல.

பன்ட், ஸ்டீல் எல்லாம் ஏன் குறைச்சாங்க?

ரன்னர் முதல் பேஸ்ல, அவுட் எதுவும் ஆகல, அந்த நிலையில அந்த இன்னிங்ஸ்ல சராசரியா சுமார் 0.9 ரன் வரும். பன்ட் பண்ணி, அதாவது பந்த மெதுவா தட்டி விட்டு, ஒரு அவுட்ட தியாகம் பண்ணி ரன்னர ரெண்டாவது பேஸுக்கு தள்ளுனா சுமார் 0.7 ஆகுது. உழைச்சு நஷ்டம். ஸ்டீலும், அதாவது பிட்சர் பந்து போடுறப்பவே ரன்னர் அடுத்த பேஸுக்கு ஓடுறதும், 100ல 70, 75 தடவையாவது ஜெயிச்சாதான் லாபம்.

கணக்கு சரின்னா பிளேஆஃப்ல ஏன் தோத்துக்கிட்டே இருந்தாங்க?

நியாயமான கேள்வி. 2000, 2001, 2002, 2003 நாலு வருஷமும் முதல் ரவுண்டுலயே 3-2னு தோத்தாங்க. அதுல ரெண்டு தடவ 2-0னு முன்னாடி இருந்துட்டு! ஒவ்வொரு மேட்சும் ஜெயிக்க 55 சதவீத வாய்ப்பு இருக்குற டீம்னு வெச்சுக்கிட்டாலும், அஞ்சு மேட்ச் தொடர ஜெயிக்க வாய்ப்பு 59 சதவீதம்தான் வரும். 162 மேட்ச்ல தெரியுற வித்தியாசம் அஞ்சு மேட்ச்ல தெரியாது. ஆனா நாலு தடவையும் தோக்குறதுக்கு அந்தக் கணக்குப்படி 100ல 3தான் வாய்ப்பு, அதனால எல்லாமே அதிர்ஷ்டம்னு தள்ளிவிட எனக்கு மனசு வரல. 2001ல மூணாவது மேட்ச், யாங்கீஸ்கிட்ட 1-0னு தோத்தது, ஜேசனோட தம்பி ஜெரமி ஜியாம்பி ஸ்லைடு பண்ணாம ஓடி வந்து, யாங்கீஸோட டெரெக் ஜீட்டர் ஓரத்துலேர்ந்து பாஞ்சு வந்து தட்டிவிட்ட பந்துல அவுட் ஆனார். ஓட்டமும் ஃபீல்டிங்கும் அந்த மாதிரி நேரத்துல உயிர். ஓக்லாண்ட் அதுக்கு கம்மியா காசு ஒதுக்குனதுக்கு ஒரு விலை இருந்துச்சுன்னுதான் நான் சொல்லுவேன்.

ஸ்கவுட்டுங்க எல்லாம் தேவையே இல்லையா?

தேவை. 2002 டிராஃப்ட பாருங்க, ஓக்லாண்ட் பள்ளிக்கூட பசங்கள விட்டுட்டு காலேஜ் ஆளுங்கள எடுக்குறதுன்னு முடிவு பண்ணாங்க, ஏன்னா காலேஜ்ல நம்பர் நம்புற மாதிரி இருக்கும். 16வதா நிக் ஸ்விஷர எடுத்தாங்க, அடுத்த 17வதா கோல் ஹேமல்ஸ் போனார். 24வதா ஜோ பிளாண்டன், அடுத்த 25வதா மேட் கெய்ன். ஸ்விஷரும் பிளாண்டனும் நல்ல பிளேயருங்கதான், ஆனா ஹேமல்ஸும் கெய்னும் பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து அவங்கள விட பெருசா வளந்தாங்க. 17 வயசு பையனோட தோள், மனசு, வளர்ச்சி இதெல்லாம் ஸ்கோர் ஷீட்ல இருக்காது, போய் பாக்கணும்.

மத்த டீமும் கத்துக்கிட்டா என்ன ஆகும்?

அதேதான் ஆச்சு. 2006ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள் சம்பளத்த அலசுனாங்க, ஆன் பேஸுக்கு கம்மியா காசு குடுத்தது 2004லயே சரியாயிடுச்சுன்னு வந்துச்சு. பாஸ்டன் 2002 கடைசியில பில் ஜேம்ஸையே வேலைக்கு வெச்சாங்க, பீனையும் 1.25 கோடி டாலருக்கு கூப்பிட்டாங்க, அவர் சரின்னு சொல்லிட்டு மனசு மாறிட்டார். அப்புறம் 28 வயசு தியோ எப்ஸ்டீன் ஜெனரல் மேனேஜரா வந்தார், 2004ல பாஸ்டன் 1918க்கு அப்புறம் முதல் முறையா சாம்பியன். பணமும் கணக்கும் ஒண்ணா சேந்தா சின்ன டீம் என்ன பண்ணும்?

வேற எதையாவது தேடணும். டாம்பா பே ரேஸ் அப்படித்தான் தேடுனாங்க. 2007ல 944 ரன் குடுத்து 66 ஜெயிச்ச டீம் அது. முதல் ஆளா டிராஃப்ட் ஆன டெல்மன் யங்க மினசோட்டாவுக்கு அனுப்பிட்டு பிட்சர் மேட் கார்சாவையும் ஷார்ட் ஸ்டாப் ஜேசன் பார்ட்லெட்டையும் வாங்குனாங்க, மூணாவது பேஸ்ல இருந்த இவாமுராவ ரெண்டாவது பேஸுக்கு மாத்துனாங்க, ஃபீல்டிங் மொத்தமா மாறுச்சு. 2008ல குடுத்த ரன் 671தான், 97 வெற்றி, சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற உலகத் தொடர் வரைக்கும் போனாங்க. சம்பளம் 4 கோடி சொச்சம், அதே லீக்ல அதே பிரிவுல யாங்கீஸ் 20 கோடிக்கு மேல. அப்போ எல்லாரும் வாக்குக்கு காசு குடுத்துட்டு இருந்தாங்க, ரன்ன தடுக்குறதுக்கு யாரும் சரியா குடுக்கல. பேட்டர் எந்தப் பக்கம் அடிப்பார்னு பாத்து ஃபீல்டர்கள மொத்தமா நகத்துறதையும் நிறைய பண்ணாங்க, அது எல்லா டீமுக்கும் பரவி கடைசியில 2023லேர்ந்து ரெண்டாவது பேஸோட ரெண்டு பக்கமும் ரெண்டு ரெண்டு இன்ஃபீல்டர் (பேஸ் பக்கம் நிக்கிற ஃபீல்டர்) நிக்கணும்னு லீக்கே விதி போட்டுடுச்சு. 2018ல முதல் இன்னிங்ஸுக்கு மட்டும் ஒரு பிட்சர போட்டு அப்புறம் ஆள மாத்துற "ஓப்பனர்" முறையையும் கொண்டு வந்தாங்க.

கணக்க ரொம்ப நம்பி கெட்டதும் உண்டா?

2020 உலகத் தொடர் ஆறாவது மேட்ச். ரேஸ் பிட்சர் பிளேக் ஸ்னெல் வெறும் ரெண்டு ஹிட் குடுத்து 9 ஸ்ட்ரைக் அவுட் (பந்த ஆட்டத்துக்குள்ள அடிக்க விடாமலே அவுட்) எடுத்துட்டு இருக்கார், 73 பந்துதான் போட்டிருக்கார். அதே பேட்டர மூணாவது தடவ சந்திக்கிறப்ப பிட்சர் பலவீனமாவார்னு கணக்கு சொல்லுது, அதனால ஆறாவது இன்னிங்ஸ்ல எடுத்துட்டாங்க. அடுத்து வந்தவர டாட்ஜர்ஸ் அடிச்சாங்க, தொடர் முடிஞ்சுது. பொதுவா சரியான கணக்குதான், ஆனா அன்னைக்கு ஸ்னெல் போட்டத கண்ணால பாத்த யாரும் அவர வெளிய கூப்பிட்டிருக்க மாட்டாங்க. டாட்ஜர்ஸ நடத்துனது யாருன்னு பாத்தா, முன்னாடி டாம்பாவுல இதையெல்லாம் கட்டுன ஆண்ட்ரூ ஃப்ரீட்மன், இப்போ கையில பெரிய பர்ஸோட.

"எங்ககிட்ட காசு இல்ல"னு முதலாளிங்க சொல்றது எப்பவும் உண்மையா?

எப்பவும் இல்ல, இத சொல்லாம விட முடியாது. 1991ல லீக்லயே அதிக சம்பளம் குடுத்த டீம் இதே ஓக்லாண்ட்தான், வால்டர் ஹாஸ் முதலாளியா இருந்தப்ப. அவர் 1995ல இறந்த பிறகு கை மாறுச்சு, புது முதலாளிங்க செலவ வெட்டுனாங்க. ஊர் அதேதான், மைதானம் அதேதான். பீன் பண்ணது சாதனைதான், ஆனா அந்த சாதனைய காட்டி "பாருங்க, கம்மி காசுலயே ஜெயிக்கலாம்"னு வருஷா வருஷம் நல்ல ஆளுங்கள வித்துக்கிட்டே இருந்தாங்க. 2024 செப்டம்பர்ல ஓக்லாண்ட்ல கடைசி மேட்ச் ஆடிட்டு டீமே ஊர விட்டு போயிடுச்சு, இப்போ சாக்ரமெண்டோ பக்கத்துல ஒரு மைனர் லீக் மைதானத்துல ஆடிட்டு லாஸ் வேகாஸுக்கு போக காத்துக்கிட்டு இருக்காங்க. அந்த ரசிகர்கள நினைச்சா எனக்கு கோவம் கோவமா வருது.

கிரிக்கெட்டுக்கு இது பொருந்துமா?

யோசிக்கிற முறை பொருந்தும், நம்பர் அப்படியே பொருந்தாது. 20 ஓவர் ஆட்டத்துல 120 பந்து, 10 விக்கெட், பெரும்பாலும் பந்துதான் முதல்ல தீரும், அதனால அங்க அவுட் ஆகாம இருக்குறத விட பந்த வீணாக்காம இருக்குறது முக்கியம்.

நான் சும்மா வீட்டுலேர்ந்து பழகிப் பாக்கணும்னா?

பேஸ்பால் ரெஃபரன்ஸ், ஃபேன்கிராஃப்ஸ், பேஸ்பால் சவான்ட்னு மூணு வெப்சைட்டையும் நெட்ல பாக்கலாம். ஏதாவது ஒரு சீசன எடுத்து எல்லா டீமோட எடுத்த ரன், குடுத்த ரன் ரெண்டையும் எக்செல்ல போட்டு மேல சொன்ன சூத்திரத்த ஓட்டுங்க. எந்த டீம் கணக்குக்கு மேல ஜெயிச்சிருக்கு, எது கீழ தோத்திருக்குன்னு வரும். அப்புறம் அடுத்த வருஷத்த பாருங்க, மேல போன டீம் நிறைய இறங்கியிருக்கும், கீழ இருந்தது ஏறியிருக்கும். பக்கத்துல ஒரு காலம் சம்பளத்துக்கு விடுங்க, ஒரு வெற்றிக்கு எந்த டீம் எவ்ளோ குடுத்துச்சுன்னு அதுலேர்ந்தே தெரிஞ்சுடும். பேட்டருக்கு ஆன் பேஸும் ஸ்லக்கிங்கும் (அடிக்கிறதால ஒரு தடவைக்கு சராசரியா எத்தனை பேஸ் எடுக்குறார்), பிட்சருக்கு ஸ்ட்ரைக் அவுட்டும் வாக்கும் பாத்தா ஆரம்பத்துக்கு போதும், ஏன்னா பேட்ல பட்டு உள்ள விழுற பந்து ஹிட் ஆகுறது பிட்சர் கையில ரொம்ப கம்மியாத்தான் இருக்குன்னு வோரோஸ் மெக்கிராக்கன் 2001லயே காட்டிட்டார்.